நோயில்லாதவர் வரிசையில் கொடுத்த ரத்தம்

அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? ஓய்வுக்குப் பின் கிடைத்த இந்த வாத்தியார் வேலை எனக்குச் சுகமாகவே போகிறது.

கணையப் புற்றுநோயை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர் வரிசையில் நானும் ரத்தம் கொடுத்தேன். அந்த நோயைக் காட்டும் பொருளின் அளவு என் ரத்தத்தில் கூடியிருக்கிறதாம்.

“பயப்படாதீங்க சார், பித்தக்குழாய்ல கல்லு அடைச்சாலும் இது ஏறும்,” என்றார் டாக்டர்.

வகுப்பில் சத்தம் கேட்டால் சண்டையாகவும் இருக்கலாம், விளையாட்டாகவும் இருக்கலாம். கதவைத் திறந்தால்தானே தெரியும்? மாதக் கடைசியில் ஸ்கேன்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பீரோவில் இருக்கும் என் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் பித்தக்கல் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, தேடிப் பார். புருஷனுக்குக் கல் இருக்க வேண்டும் என்று எவளாவது வேண்டியிருப்பாளா? நீ வேண்டிக்கொள்.

மணி அடித்துவிட்டது.

உன் வாத்தியார்