சம்மந்தி, மழை பெஞ்சுதா?

25.7.2025, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் நம்ம மைக்செட். விடிவதற்குள் மூன்று தெருவுக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டி முடித்துவிட்டேன். அதுவரைக்கும் நல்ல நாள்தான்.

பத்து மணிக்குத் திருமழபாடியிலிருந்து மகள் வெற்றிச்செல்வி போன் செய்தாள். இப்போது அவளுக்கு நாலு மாசம். பாட்டை நிறுத்தினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தேன். மைக்கை நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் மைக்செட் நடத்துகிறவன் செய்கிற வேலையா இது?

“அப்பா, தலைப்பிரசவத்துக்கு நான் அங்க வரலப்பா. உன் சிகரெட் பொகையில என் புள்ளையப் படுக்க வைக்க முடியாது. இங்கயே மாமியார் வூட்டுல பாத்துக்கறேன்.”

“அய்யோ கண்ணு, அப்படிச் சொல்லாத. மாரியாத்தா மேல சத்தியமா இந்த நிமிஷத்திலேருந்து தொட மாட்டேன். தொட்டா என் மைக்செட்டு பத்தி எரியட்டும்!”

மூன்று தெருவும் கேட்டது. நான் அழுததும் கேட்டிருக்கிறது. எக்கோ வேறு கொஞ்சம் தூக்கலாக வைத்திருந்தேன்.

பூசாரி ஓடிவந்து கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். வீட்டுக்குப் போனால் செங்கமலம் வாசலிலேயே நிற்கிறாள். “இருபத்திரண்டு வருசமா பாக்குறேன். இந்த மைக்செட்டால வூட்டுக்கு நடந்த மொத நல்லது இதாங்க.”

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரவில்லை என்றால் ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும். எனக்குத் தாங்குமா?

26.7

வேம்பு டீக்கடை. “ஒரு டீ, ஒரு சிகரெட்” என்றேன்.

“டீ மட்டுந்தாண்ணே. நீங்க அழுததக் கேட்டு என் மாமியாளும் அழுதுருச்சு. இப்ப நான் சிகரெட்டு குடுத்தேன்னு தெரிஞ்சா வூட்டுல எனக்குச் சோறு கெடைக்காது.”

பதிலுக்கு வேம்பு கடலைமிட்டாய் கொடுத்தாள். அதை இரண்டு விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே டீயைக் குடித்தேன். ஒரு தடவை சாம்பல்கூடத் தட்டினேன்.

28.7

செங்கமலத்தோடு மூன்று சண்டை. மூன்றையும் நான்தான் ஆரம்பித்தேன். மூன்றிலும் தோற்றேன்.

1.8, வெள்ளி

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். புகையிலையை விடுவதற்கு ஆலோசனை சொல்ல ஒரு பெண் இருக்கிறது. வயது என் மகள் அளவுதான்.

“ஆசை அஞ்சு நிமிஷந்தாங்கய்யா. அந்த அஞ்சு நிமிஷத்தத் தள்ளிட்டீங்கன்னா அது தானா அடங்கும். தண்ணி குடிங்க. எழுதி வைங்க. யார்கிட்டயாச்சும் பேசுங்க.”

“எழுதறதுக்கு புக்கிங் டைரி இருக்கும்மா. பேசறதுக்கு?”

“உங்க கஷ்டம் புரிஞ்ச ஆளா பாருங்க.”

செங்கமலத்தை நினைத்துப் பார்த்தேன். என் கஷ்டம் அவளுக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

3.8, ஞாயிறு

திருமழபாடியிலிருந்து போன். மகளின் மாமனார் அரியமுத்து. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவர் கோயிலுக்குள் நுழைந்தால் நந்தியே எழுந்து நின்றுவிடுமோ என்று தோன்றும். அப்படிப்பட்ட மனிதர் கிசுகிசுக்கிறார்.

“சம்மந்தி, தனியா இருக்கீங்களா?”

“இருக்கேங்க.”

“நானும் சிகரெட்டு குடிக்கிறவந்தாங்க. கொல்லையில, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால. முப்பது வருசமா. வூட்டுல யாருக்கும் தெரியாது.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

“உங்க பொகைக்குப் பயந்துக்கிட்டு மருமவ எங்க வூட்டுலயே இருந்துக்கறேங்குது. எனக்குச் சோறு எறங்கலைங்க. நானும் விட்டுடறேன். ஆசை வந்தா நீங்க எனக்குப் போடுங்க, நான் உங்களுக்குப் போடறேன்.”

தேதி, நேரம் போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். புக்கிங் மாதிரி.

9.8

இந்தப் போன் ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உயிர் போகிற மாதிரி ஆசை. சம்மந்திக்குப் போட்டேன்.

“வணக்கம் சம்மந்தி. நல்லாருக்கீங்களா?”

“இருக்கேங்க. தங்கச்சி நல்லாருக்கா?”

“நல்லாருக்கு. அங்க மழை பெஞ்சுதா?”

“தூத்தல்தாங்க. கொள்ளிடத்துல தண்ணி போவுது.”

“மாடு கன்னு போட்டுதா?”

“போட்டுச்சுங்க. காளக்கன்னு.”

பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம். எடுத்த எடுப்பில் ‘நாக்கு அரிக்குது’ என்று சொல்ல முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. கன்றுக்குட்டி, நாற்று, அவருடைய முழங்கால், என்னுடைய முழங்கால் எல்லாம் விசாரித்து முடிவதற்குள் ஆறு நிமிடம். எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துபோச்சு.

17.8, ஞாயிறு

திருமழபாடி போய் மகளைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் செய்கிற மாதிரியே என் வலது கையை இழுத்து, இரண்டு விரலையும் மோந்து பார்த்தாள்.

“ம். பாஸு.”

பின்னால் நின்ற சம்மந்தி தன் கையை மெதுவாக வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அவரும் பாஸ்தான். ஆனாலும் பயம்.

6.9

நானும் சம்மந்தியும் ரொம்ப நெருங்கிவிட்டோம். இப்போதெல்லாம் போன் பத்து விநாடிதான். “அரிக்குது.” “எனக்கும்.” வைத்துவிடுகிறோம்.

நல்ல சிநேகம். ஆனால் வைத்த பிறகும் அரிக்கிறது.

14.9, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வளைகாப்புக்கு வளையல் சொல்ல நானும் சம்மந்தியும் அரியலூர் போனோம். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ‘மழை பெஞ்சுதா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருப்போம். யாரும் கேட்கவில்லை. ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி.

திருமழபாடிக்கு வண்டியில் போகிற வழியில் நிறுத்தி, ஆளுக்கு நாலு கொய்யா இலை மென்றோம். சோப்பு போட்டுக் கை கழுவினோம். வெற்றிச்செல்வி விரலை மோந்தாள். ஒன்றுமில்லை. பிறகு என் முகத்துப் பக்கம் குனிந்தாள்.

“அப்பா, கொய்யா எலை.”

“வ... வயிறு சரியில்லன்னு...”

“நான் மூணாவது படிக்கிறப்பலேருந்து கொய்யா எலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்.” சத்தம் போட்டிருந்தால் தேவலை. கண்ணில் தண்ணீர். “போப்பா. நான் இங்கயே இருந்துக்கறேன்.”

நான் தலை குனிந்து நிற்கிறேன். சம்மந்தி முன்னால் வந்தார். வாயில் இன்னும் இலை.

“மருமவளே, அவரை மட்டும் சொல்லாத. பாதி நான் குடிச்சது.”

சம்மந்தியம்மா கையில் இருந்த முறத்தோடு அப்படியே திரும்பினார். “என்னாது?”

அடுத்த கால் மணி நேரம் என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம்.

கடைசியில் வெற்றிச்செல்வி சொன்னாள்: “வளைகாப்பன்னைக்கு ரெண்டு பேரையும் மோந்து பாப்பேன். வாசம் வந்துச்சுன்னா, எங்கம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கிட்டு டவுன்ல தனியா வூடு எடுத்துப் பெத்துக்குவேன். நீங்க ரெண்டு பேரும் மோட்டார் கொட்டகையில ஒண்ணா குடும்பம் நடத்துங்க.”

வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ளிபயரைத் தொட்டுப் பார்த்தேன். எரியவில்லை. மாரியாத்தா ஒரு தடவை பொறுத்துக்கொண்டாள் போல.

15.9

காலையில் போன்.

“மணிவண்ணன் சம்மந்திங்களா? வணக்கம். நான் திருமழபாடி அரியமுத்து பேசறேன்.”

புரிந்துகொண்டேன். “வணக்கமுங்க. வூட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“உங்க தங்கச்சி இன்னும் பேசலைங்க. மத்தபடி சௌக்கியம். அங்க மழை பெஞ்சுதா?”

ஒன்பது நிமிடம்.

20.10, தீபாவளி

சரவெடி கொளுத்த இத்தனை வருடம் என் சிகரெட் நுனிதான். இந்த வருடம் ஊதுபத்தி வாங்கினோம். வாசனையாகத்தான் இருக்கிறது.

26.10, ஞாயிறு

திருமழபாடியில் வளைகாப்பு. மைக்செட் நம்மளுதுதான். மைக் நிறுத்தியிருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தேன்.

இரண்டு கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம். அத்தனை சொந்தபந்தம் முன்னால் வெற்றிச்செல்வி கையை நீட்டினாள். விரலைக் கொடுத்தேன். மோந்தாள். பிறகு வாய்ப் பக்கம். அப்புறம் சம்மந்தி. விபூதியும் வெள்ளை வேட்டியுமாக, கணக்கு வாத்தியாரிடம் அடிக்குக் கை நீட்டுகிற பையன் மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். யாரோ ஒரு கிழவி, “இது என்னாடி புது சடங்கு?” என்று கேட்டாள்.

“எங்க வூட்டு வழக்கம் பாட்டி,” என்றாள் என் மகள்.

சாயங்காலம் கார் எங்கள் ஊர் திரும்பியபோது அவள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரை நான் திட்டினேன். அதற்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தமில்லை.

12.12

ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்றேன்.

“முப்பது வருசமா அவ்வளவுதான் போடறேன். உங்க நாக்கு இப்பத்தான் முழிச்சிருக்கு,” என்றாள் செங்கமலம். முறைக்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

8.1.2026, வியாழன்

விடியற்காலை வலி எடுத்தது. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி. மைக்செட் புக்கிங் ஒன்று இருந்தது, ஆள் மாற்றிவிட்டேன். சம்மந்தி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். செங்கமலம் உள்ளே. நாங்கள் இருவரும் பிரசவ வார்டுக்கு வெளியே.

ஜன்னல் வழியாக எதிர்ப் பெட்டிக்கடை தெரிகிறது. சம்மந்தி அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளேயிருந்து என் மகள் சத்தம் கேட்டது.

தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த சம்மந்தி என் பக்கம் திரும்பினார்.

“சம்மந்தி, உங்க பக்கம் மழை பெஞ்சுதா?”

“இல்லீங்க. பனிதான். கன்னுக்குட்டி எப்படி இருக்கு?”

“நல்லா துள்ளுதுங்க. உங்க முழங்கால் எப்படி இருக்கு?”

மூன்றாவது தடவை மழையை விசாரித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்தார். பெண் குழந்தை. இரண்டு பேரும் நல்லா இருக்காங்க.

சம்மந்தி விபூதி கலைய அழுதார். நான் எப்படி அழுதேன் என்பது இங்கே வேண்டாம். மைக் இல்லை, யாருக்கும் தெரியாது.

உள்ளே போனேன். வெற்றிச்செல்வி களைத்துக் கிடந்தாள். பழக்கதோஷம், வலது கை விரல் இரண்டையும் அவள் மூக்குப் பக்கம் நீட்டினேன்.

“என்னப்பா பண்ற? ரெண்டு கையையும் சேத்து நீட்டு. தலையப் பாத்துப் புடி.”

குழந்தையை என் கையில் வைக்கச் செங்கமலத்திடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மோந்தே பார்க்கவில்லை. காலையில் எலுமிச்சம்பழம் போட்டுக் கையை அந்தத் தேய் தேய்த்தேன். எல்லாம் வீண்.