பூநாரையாகிப்போன பதினாலு பேர்

அங்காளம்மன் துணை
மரக்காணம்
27.2.2006

அன்பு மகன் ராஜவேலுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பாவைப் பற்றித்தான் அப்படி ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை. எப்போதும் அப்பாதானே எழுதுவார், இப்போது ஏன் உன் கோழிக் கிறுக்கல் வருகிறது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அவருக்கு நேரமில்லை என்று பதில் போட்டேன், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல, அவருக்குக் கண் தெரியவில்லை. பதறாதே, முழுதும் படி. உனக்குச் சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் தலையில் அடித்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், என் தலைதானே, போகட்டும்.

கழுவெளி ஏரியில் ஞாயிறுதோறும் பறவை பார்க்க ஆட்களை நடத்திப் போகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, ஹைஸ்கூல் சிவஞானம் சார் செய்கிற ஏற்பாடு. சுனாமிக்குப் பிறகு அனுமந்தைக் குப்பத்துப் பிள்ளைகள் தண்ணீரைக் கண்டாலே அழுததால், அலை இல்லாத இந்த ஏரிக்கரையிலாவது காலாற நடக்கட்டும் என்று ஆரம்பித்தார். இப்போது அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் வருகிறார்கள், பாண்டிச்சேரியிலிருந்து காலேஜ் பிள்ளைகளும் பஸ் பிடித்து வருகிறார்கள், மாதம் ஒருநாள் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள், வலை கட்டிப் பறவை பிடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் நடப்பவர் உன் அப்பா. முப்பது வருஷம் உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்சியவர், எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தப் பாத்தியில் நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். சார் பைனாகுலரை நீட்டினால் "எனக்கு எதுக்கு சார், என் கண்ணே போதும்" என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். வீட்டில் இருக்கிற தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைக்க ஆளில்லை, ஊரார் பிள்ளைக்குக் கொக்கு காட்டப் போகிறாரே என்று நான் திட்டிக்கொண்டே இருப்பேன். ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்புவதும் நான்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நடையை உப்பளம் பக்கம் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். அன்று நாங்கள் பதினாலு பெண்கள் கடைசிப் பாத்தியில் உப்பு வாரி, கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். சுனாமி நிவாரணத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ரோஸ் கலர் சட்டை கொடுத்தார்களே, வெயிலுக்கு அதைத்தான் புடவைமேல் போட்டுக்கொள்கிறோம். பார்த்தால் தூரத்தில் நாற்பது பிள்ளைகள் குனிந்து குனிந்து எங்களை நோக்கி வருகிறார்கள், முன்னால் உன் அப்பா வாயில் விரல் வைத்துக்கொண்டு. "சத்தம் போடாம வாங்க, பூநாரைக் கூட்டம், ரோஸ் கலர்ல நிக்குது பாருங்க, பறந்துடப்போவுது" என்று சொல்லியிருக்கிறார். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற சகாயமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, ஒன் ஊட்டுக்காரரு ஏன் புள்ளைங்கள நண்டு மாரி இட்டுக்கினு வர்றாரு?" என்று கத்தினாள். ஒரு பொடிசு, "ஐயா, பூநாரை பொடவ கட்டுமா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன். அவரும், "பைனாகுலர்ல பாக்குறீங்களா இல்லியான்னு சோதிச்சேன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது சகாயமேரியைப் பார்த்து என் பேரைச் சொல்லி, "நீ சிரிக்காதடி" என்றார். எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் உட்கார வைத்துக் கேட்டேன். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, இடது கண்ணும் புகை மூடினதுபோல ஆகிவிட்டது. உப்பு வெயிலில் கூசிக் கூசி வந்த புரை. ஐப்பசியிலேயே எனக்குத் தெரியாமல் திண்டிவனம் கண் கேம்ப்புக்குப் போய்க் காட்டியிருக்கிறார், உடனே ஆபரேஷன் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள், அதை மடித்து பீடிக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இந்த மனுஷன் பறவையைப் பார்த்துச் சொல்லவே இல்லை, கத்துகிற சத்தத்தையும் பழகின இடத்தையும் வைத்தே நான்கு மாதம் ஊரை நடத்தியிருக்கிறார். ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டதற்கு, பக்கிரி மாமாவுக்கு ஆபரேஷன் செய்த கண் போய்விட்டதே என்றார். பக்கிரி மாமா பத்தாம் நாளே கட்டோடு உப்பளத்தில் இறங்கினார், அதைச் சொன்னால் காதில் வாங்கவில்லை. கடைசியில்தான் மனதில் இருந்தது வந்தது. "புள்ள வர்றேன்னு எழுதியிருக்கான். ஆபரேசன்ல ஏதாச்சும் ஆயிட்டா? இருக்கிற கண்ணால அவன ஒருவாட்டி பாத்துட்டு அப்புறம் படுத்துக்கறேன்."

தீபாவளிக்கு வருகிறேன் என்று நீ எழுதினாய், அவர் ஒரு கேம்ப்பை விட்டார். பொங்கலுக்கு என்றாய், இன்னொன்றை விட்டார். இப்போது சித்திரைக்கு என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் குற்றம் இல்லை கண்ணு, லீவு கொடுப்பது உன் கையிலா இருக்கிறது, எங்களைச் சந்தோஷப்படுத்தத்தானே எழுதினாய். ஆனால் டாக்டர் இந்தப் பங்குனியைத் தாண்டவிட்டால் நரம்பும் கெட்டுவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று, சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிய சிவஞானம் சாரிடம் சொல்லியிருக்கிறார்.

நேற்று நடைக்கு நானும் போனேன். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "இடது பக்கம் நாலு, செவத்த குச்சிக் கால், வெள்ள வயிறு" என்பேன், அவர் சத்தமாக, "பவளக்காலி" என்பார். "மூக்கு கரண்டி மாரி" என்பேன், "கரண்டிவாயன்" என்பார். இத்தனை வருஷம் நானும் அந்தப் பறவைகளும் ஒரே தண்ணீரில் நின்றிருக்கிறோம், அதுகளுக்குப் பேர் உண்டு என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. நடை முடிந்து வரும்போது, "நீ நல்லா பாக்கற" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது இது இரண்டாவது தடவை, முதல் தடவை நீ பிறந்தபோது.

அடுத்த கேம்ப் மார்ச் 18, சனிக்கிழமை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், 12ஆம் தேதி ஞாயிறு நீ சகாயமேரி வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்யும்போது அப்பாவிடம் பேசு. கண்ணைப் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இந்த வருஷம் நான் வரவில்லை, லீவு கிடையாது என்று மட்டும் சொல். அழுத்திச் சொல், உன் குரல் உடையக்கூடாது. அன்று அவர் மனது உடைந்து போகும், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். காத்திருந்து பயனில்லை என்று தெரிந்தால்தான் அவர் சனிக்கிழமை வேனில் ஏறுவார். கட்டுப் போட்டிருக்கும் நாளில் நடையை நான் நடத்துவதாக சாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போடு, இதை மறக்காதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல கண்ணும் கொடுக்கட்டும். இரண்டு வருஷமாக உன் முகத்தைப் பார்க்காத நான், வராதே என்று சொல்லச் சொல்லி எழுதுகிறேன், என் நிலைமையைப் பார். ஒருவேளை சித்திரைக்கு நிஜமாகவே லீவு கிடைத்துவிட்டால் வா, ஆனால் கட்டு அவிழ்க்கும்வரை எனக்கும் சொல்லாதே. அவருக்கு என் முகம் தெரியாது, ஆனால் நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "இந்தாங்க" என்று சொன்னாலே, அந்தக் குரலிலேயே நீ வருகிறாய் என்று கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்காதது போல் இருக்கும்
அம்மா விருத்தாம்பாள்