எண்ணுக்கு முன்னால் நான் விட்ட எழுத்து

காஜா பெராங், மலாக்கா
19-8-1943

அன்பு மகன் யூசுபுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உம்மாவும் தங்கை ஜமீலாவும் சுகம், அலோர் ஸ்டாரில் நீ சுகமாயிருக்க துஆ கேட்கிறோம். பராத் இரவு ரொட்டிக்கு அரிசி கிடைக்காமல் உம்மா மரவள்ளி மாவில் ரொட்டி சுட்டாள், உன் பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் லாரிக்கார ஹனீபா கையில் இதை அனுப்புகிறேன்.

போன வாரம் புக்கிட் காதிலில் ஒரு ஜப்பான் சிப்பாயை யாரோ சுட்டுவிட்டார்கள், போட்டுவிட்டு ஓடிய ரிவால்வரில் எண் 4172. துப்பாக்கிக் கடையில் நான் எழுதிய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நல்லையா பெயர், அவரைப் பிடித்துப் போய்விட்டார்கள். அவர் தன்னுடைய ரிவால்வரை ஜப்பான்காரர்கள் வந்த மாதமே அவர்களிடம் ஒப்படைத்தவர், வாங்கிக்கொண்டதற்குச் சீட்டுத்தான் யாருக்கும் தரவில்லையே. அவர் மனைவி சந்திரமதி தினமும் வந்து, அவர் அடி தாங்கமாட்டார் அண்ணே, நீங்கள் எழுதினதுதானே, நீங்களாவது சொல்லுங்கள் என்று அழுகிறாள்.

தப்பு என்னுடையதுதான். அந்த வகை ரிவால்வரில் முதலில் வந்தவற்றுக்கு வெறும் எண், எண்கள் தீர்ந்ததும் முன்னால் ‘ஏ’ போட்டு மறுபடி ஒன்றிலிருந்து அடித்தார்கள். நல்லையாவுடையது ஏ 4172. நாங்கள் விற்றதெல்லாம் ‘ஏ’தானே என்று பத்து வருஷமாக எழுத்தை விட்டு எண்ணை மட்டும் எழுதித் தொலைத்தேன். எழுத்தில்லாத 4172 பதிவேட்டில் ஏறாதது, பழுதுபார்க்க வந்து யாரும் திரும்ப வாங்காமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஜப்பான்காரன் வந்த வாரம் அதை எடுத்தவன் நீ. உஜோங் பாசிர் கடலில் வீசிவிட்டேன் என்றாய், நம்பினேன். யாரிடம் கொடுத்தாய் என்று எனக்கு எழுதாதே, தெரிந்தால் அடிக்குப் பயந்து சொல்லிவிடுவேன். உன்மேல் கோபம் இருக்கிறது மகனே, இல்லை என்று சொல்லமாட்டேன்.

சாட்சியை மறைப்பது நமக்கு ஆகாது. நாளை ஜும்ஆ தொழுதுவிட்டு ஜப்பான்காரர்களிடம் போய், ஒப்படைத்தவற்றைப் போட்டிருக்கும் கிடங்கிலிருந்து நல்லையாவின் ரிவால்வரை எடுத்து அந்த ‘ஏ’யைப் பாருங்கள் என்று சொல்லப்போகிறேன். பார்த்தால் அவரை விடுவார்கள். அப்படியானால் இது யாருடையது என்பார்கள். இழுப்பறைச் சாவி என்னிடம் இருந்தது, நான்தான் எடுத்து விற்றேன் என்பேன். பொய்தான், அல்லாஹ் மன்னிக்கட்டும். உம்மாவுக்குப் பாதிதான் தெரியும், நல்ல காரியத்துக்குப் போகிறேன் என்று வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

தொழுகையை விடாதே. ஜமீலாவின் நிக்காஹ் இனி உன் பொறுப்பு. படித்ததும் இதை அடுப்பில் போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். யார் வந்து என்ன சொன்னாலும் மலாக்காவுக்கு வராதே, வந்து நான்தான் எடுத்தேன் என்று நின்றால் உம்மாவுக்கு நாம் இரண்டு பேருமே இல்லாமல் போவோம்.

உன் வாப்பா,
காதர் மைதீன்