நீ ஆஃப் பண்ணாமல் போன சீட் கோட்

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, மாலை மணி நான்கு பத்து. எண்ணிக்கை: மூன்று.

இன்று காலை ஏழாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டுகிற பிஎல்சி கம்ப்யூட்டரில் லேப்டாப்பைச் செருகியதும் திரையில் வந்தவை அந்த மூன்று வரிகள். ஆயில் லெவல் சென்சார். ஏர் பிரஷர் சுவிட்ச். லைட் கர்ட்டன். மூன்றுக்கும் நேராக 'ஃபோர்ஸ்' என்று இருந்தது. அந்தச் சென்சார்கள் உண்மையில் என்ன சொன்னாலும் மெஷினுக்கு எட்டாது. 'எல்லாம் சரி' என்பது மட்டும்தான் எட்டும். பேனலுக்குள் ஓர் ஆரஞ்சு விளக்கு அதைச் சொல்வதற்காகவே எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால்தான் தெரியும். ஓடுகிற மெஷினின் பேனலை இங்கே எவன் திறக்கிறான்?

முதல் இரண்டு வரிகளைப் பார்த்து எரிச்சல் வந்தது. மூன்றாவதை விரலை வைத்து மறுபடி படித்தேன். பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் நிற்கிற அந்த மஞ்சள் கம்பங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள். மேலிருந்து டை அச்சு இறங்கும்போது யாராவது கையை விட்டால் கதிர் அறுந்து மெஷின் நிற்க வேண்டும். இது நிற்காது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக நிற்காது. அதன் முன்னால் ஐந்து மாதமாக வேலை செய்பவள் உன் தங்கை மஞ்சு.

ஷிப்ட் முடிவதற்குள் லீவ் சொல்லிவிட்டு ரூமுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் சாப்பிடவில்லை. உனக்கு எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை, தெரியும். ஆனால் இதை முதலில் சொல்ல வேறு ஆள் கிடையாது. போட்டது நீ. தெரிந்தவன் நான் ஒருவன்.

டிவிக்குக் கீழே நம் கேம் கன்சோல் அப்படியே இருக்கிறது, அதன் மேல், விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க வாங்கிய சீட் டிஸ்க். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கன்சோலோடு அதையும் சேர்த்து வாங்கியபோது நான் வேண்டாம் என்றேன். "சீட் போட்டு ஜெயிச்சா அதுல என்னல இருக்கு?" என் 'ல'வைப் பிடித்துக்கொண்டு பஸ் அத்திப்பள்ளி தாண்டும் வரை கிண்டலடித்தாய். "கோவில்பட்டிக்காரரு நேர்மையா சாவாராம்ல." பக்கத்து சீட்டில் இருந்த கன்னடக்கார அம்மாவுக்கும் கன்னடத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாய். அவரும் சிரித்தார்.

ஆனால் அதற்கு நீ ஒரு காரணம் சொன்னாய். "வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைடா நமக்கு. பன்னெண்டு மணி நேரம் ஷிப்ட் அடிச்சிட்டு வந்து ஒரே ராட்சசன்கிட்ட நாப்பது வாட்டி செத்துனு இருக்க எனக்கு டைம் இல்ல. கதை என்னா ஆச்சுன்னு பாக்கணும். அவ்ளோதான்." நியாயம்தான். அந்த டிஸ்க் இல்லையென்றால் நாம் ஒரு விளையாட்டைக்கூட முடித்திருக்க மாட்டோம்.

முதலில் சீட் டிஸ்க்கைப் போட வேண்டும். பட்டியலில் 'சாகாத உயிர்' மாதிரி ஒரு சீட் கோட்-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்து விளையாட்டு டிஸ்க்கை மாற்ற வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று நான்தான் உனக்கு விளக்கினேன். மெமரியில் உயிரின் எண்ணிக்கை ஓரிடத்தில் இருக்கும். இந்தச் சனியன் கண்ணிமைப்பதற்குள் பல தடவை அங்கே போய் 99 என்று எழுதிக்கொண்டே இருக்கும். அடி விழும், குறையும், உடனே மறுபடி 99. "அப்ப அடி விழுந்ததே அதுக்குத் தெரியாது, இல்ல?" என்றாய். ஆமாம், தெரியாது.

தொல்லையும் கொஞ்சமில்லை. பாதி கோட்கள் வேறு நாட்டு டிஸ்க்குக்கு எழுதியவை, நம்முடையதில் வேலையே செய்யாது. நெட்டில் தேடி எடுத்த பன்னிரண்டு எழுத்து கோட்-ஐ ஒவ்வொரு எழுத்தாக ரிமோட்டில் நகர்த்தி நகர்த்தி அடிக்க வேண்டும். 8 இருக்க வேண்டிய இடத்தில் B விழுந்தால் திரை உறைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. 'எல்லாச் சாவியும்' கோட்-ஐ ஆன் பண்ணினோம்; கதவு ஏற்கெனவே திறந்தாகிவிட்டது என்று விளையாட்டு நம்பிக்கொண்டது. மூடிய கதவுக்கு முன்னால் ஒரு ஞாயிறு முழுக்க நின்றோம். எல்லாவற்றையும்விட மோசம், கோட் ஆனில் இருக்கும்போதே சேவ் பண்ணித் தொலைத்தது. அடுத்த வாரம் போட்டால் ஆள் சுவருக்குள் நடக்கிறான். முப்பத்தொரு மணி நேர ஆட்டம். நீ டிஸ்க்கை வெளியே எடுத்து வைத்தாய். பிறகு ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்து எழுதி டிவி ஓரத்தில் ஒட்டினாய்: "ஆன் பண்ணதெல்லாம் எழுது. சேவுக்கு முன்னாடி ஆஃப் பண்ணு."

இன்னொன்றும் இன்று காலையிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தடவை உன்னிடம் சொல்லாமல் நான் கோட்-ஐ ஆனிலேயே விட்டேன். நீ ஆட்டத்தில் வரும் வாள்காரனை ஒரே மூச்சில் அடித்துப் போட்டாய். "பாத்தியா, கை பழகிருச்சு. இனிமே கோட் எதுவும் வேணாம்டா." இரண்டு வாரம் கேன்டீனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். மூன்றாவது வாரம் ஆஃப் பண்ணிவிட்டுக் கொடுத்தேன். நாலே வினாடியில் செத்தாய். தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாய்.

"ஏன்டா சொல்லல?"

"சந்தோஷமா இருந்தியேன்னு."

"நான் அடி வாங்கறதே எனக்குத் தெரியலையேடா" என்றாய். அன்றைக்கு அது வெறும் சிரிப்பு.

நாம் இருவரும் ட்ரெய்னியாக மெயின்டனன்ஸுக்கு மாறிய மாதம், பிஎல்சி மென்பொருளில் ஃபோர்ஸ் டேபிளைக் காட்டினார்கள். சென்சார் கெட்டுப்போனால் சோதிப்பதற்காக மட்டும், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். நீ என் விலாவில் இடித்தாய். "மச்சான், இது நம்ம டிஸ்க்குடா." அவ்வளவுதான், அன்றிலிருந்து நம் இருவருக்கும் அதன் பெயர் டிஸ்க். "அஞ்சாம் நம்பருக்கு டிஸ்க் போட்டிருக்கேன், அப்புறம் எடுத்துடு." எத்தனை தடவை சொல்லியிருப்போம். எடுத்தும் இருக்கிறோம், எல்லாத் தடவையும். அந்தச் சனிக்கிழமை தவிர.

ஏழாம் நம்பரின் லைட் கர்ட்டனில் ஒரு கதிர் செத்துவிட்டது. யாரும் கை விடாமலேயே மெஷின் நின்று நின்று போனது. புதுசுக்கு எழுதிக் கொடுத்து வாரங்கள் ஆகியிருந்தன. வெளியே லாரி நிற்கிறது, இன்னும் பாதிச் சரக்கு ஆகவில்லை. சூப்பர்வைசர் வந்து, "எப்படியாவது ஓட்டிக் குடுங்கப்பா, எப்படின்னு எனக்குச் சொல்ல வேணாம்" என்றார். நீ கர்ட்டனுக்கு ஃபோர்ஸ் போட்டாய், நடுவில் வேறெதுவும் நிறுத்திவிடக் கூடாது என்று ஆயிலுக்கும் ஏருக்கும் சேர்த்தே. ஒன்றை உனக்காகச் சொல்லியாக வேண்டும்: அன்று எந்த ஆபரேட்டரையும் அந்த மெஷினில் நீ விடவில்லை. நீயே நின்று ஓட்டினாய். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வழக்கம்போல் கன்னடத்தில் "ஆயித்து", முடிந்தது என்றாய். கேட்டில் பைக்கை எடுக்கும்போது, "திங்கக்கிழமை வந்து எடுத்துடறேன். மறந்தா ஞாபகப்படுத்து."

"சரி" என்றேன்.

மறுநாள் ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில் உன் பைக் மேல் லாரி. திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரி வாசலில் உன் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். பதினோராம் நாள் காரியத்துக்கு உங்கள் ஊர் நாட்றாம்பாளையத்துக்கு வந்திருந்தேன். இலையில் உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வந்தது. முழுசாக வந்தது: ஏழாம் நம்பர், கர்ட்டன், திங்கட்கிழமை. உன் அப்பா நேரே வந்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் சாப்பிடுப்பா, நீ ஒண்ணும் சாப்பிடல" என்றார். செத்துப் பதினோரு நாள் ஆனவன் தப்பு செய்துவிட்டுப் போனான் என்று எப்படிப் போய்ச் சொல்வது? இதற்குள் யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சோற்றைப் பிசைந்தேன். ஃபேக்டரிக்குத் திரும்பிய பிறகு அந்தப் பேனல் பக்கமே போகவில்லை. புது கர்ட்டனும் வரவில்லை. மெஷின்தான் நன்றாக ஓடுகிறதே, எதற்கு என்று அந்தக் கோரிக்கையை மூடிவிட்டார்கள்.

ஜூனில் மஞ்சு வேலைக்கு வந்தாள். உனக்காகக் கொடுத்த வேலை. எந்த மெஷினில் போடுவது என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று காலை ஏழுக்குப் பத்து நிமிடம். ஏழாம் நம்பரில் ஆயில் ஒழுகுகிறது என்று புகார், அதற்காகத்தான் போனேன். தொப்பி போட்டுக்கொண்டு மஞ்சு நின்றிருந்தாள்.

"என்ன அண்ணா, வழி தவறி வந்துட்டீங்களா? என் மெஷின்தான் நிக்கவே நிக்காதே. அஞ்சாம் நம்பர் அக்காங்க வயிறெரிஞ்சு சாவறாங்க. அவங்களது நிமிஷத்துக்கு ஒரு வாட்டி நின்னுனு இருக்கும்."

பேசிக்கொண்டே தகட்டுப் பீஸை டைக்கு அடியில் வைத்துப் பெடலை மிதித்தாள். டை இறங்க ஆரம்பித்தது. பீஸ் கொஞ்சம் கோணல். இரண்டு விரலை உள்ளே விட்டு லேசாகத் தட்டி நேராக்கிவிட்டு எடுத்தாள். டை மூடியது.

நான் டூல் பையைக் கீழே போட்டேன். "கையை... கையை ஏன் விட்ட?"

"கோணலா போனா ரிஜெக்ட் ஆகும்ல. அதான் கர்ட்டன் இருக்கே."

"அது நிறுத்தலையே மஞ்சு."

"நான் அதைவிட ஸ்பீடு அண்ணா" என்று சிரித்தாள். "அது பாக்கறதுக்குள்ள எடுத்துருவேன். அஞ்சு மாசமா பழகிட்டேன்."

ஒளிக்கதிரை முந்துகிற கை இந்த உலகத்தில் யாருக்கும் கிடையாது. எமர்ஜென்சி பட்டனை அடித்தேன். அதன் பிறகுதான் லேப்டாப்பைச் செருகினேன். அதன் பிறகுதான் மூன்று வரி.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்ன தம்பி, எதுக்கு நிறுத்துன?"

"மெயின் வால்வு லீக் சார். சீல் பெங்களூர்லேர்ந்து வரணும்."

"எப்ப வரும்?"

"நாளைக்கு."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இது ஓடணும். சொல்லிட்டேன்."

மஞ்சுவைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். போகும்போது, "நல்லா ஓடினு இருந்ததை ஏன் அண்ணா கெடுத்தீங்க?" என்று முறைத்துவிட்டுப் போனாள்.

பொய் நாளை ஏழு மணி வரைதான் தாங்கும். சத்தமில்லாமல் ஃபோர்ஸை எடுத்துவிடலாம்; ஆனால் கர்ட்டன் செத்துக் கிடப்பதால் மெஷின் ஓடாது, 'முன்னாடி எப்படி ஓடுச்சோ அப்படியே ஓட்டு' என்பார்கள். அதைச் செய்து கொடுக்க இன்னொருத்தன் கிடைப்பான். உண்மையைச் சொன்னால் யார் போட்டது என்று தோண்டுவார்கள். உன் பெயர்தான் வரும். உன் பெயரில்தான் அவள் உள்ளே வந்தாள். என் வேலையும் போகும். இதெல்லாம் பயம்தான், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. கண்ணை மூடினால் அந்த இரண்டு விரல் உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் அவள் எடுப்பதற்கு முன்னால் டை மூடிவிடுகிறது. ஐந்து மாதத்தில் எத்தனை ஆயிரம் தடவை விரல் மேல் மூடாமல் விட்டிருக்கிறது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

உன் மேல் கோபமும் இருக்கிறது. ஒரு விளையாட்டு கெட்டதற்கு அட்டையில் எழுதி ஒட்டத் தெரிந்த உனக்கு மெஷின் கதவில் ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? ஏன் எழுதவில்லை என்பதும் தெரியும். எழுதினால் மாட்டிக்கொள்வோம். எட்டு மாதமாக நான் வாய் திறக்காததற்கும் அதே காரணம்தான்.

எழுதி முடிப்பதற்குள் இருட்டிவிடும். நாளைக்குச் செய்ய வேண்டியது:

1. காலை ஆறு மணிக்குள் உள்ளே போக வேண்டும். மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டுப் போட வேண்டும். சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது. சூப்பர்வைசர் கத்தினாலும்.

2. மூன்று வரியையும் போட்டோ எடுத்து ரிப்போர்ட் எழுத வேண்டும். முதலில் என் பெயர். 'ஞாபகப்படுத்தச் சொன்னான், பதினோராம் நாள் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை' என்று அப்படியே. பிறகு உன் பெயர். சரக்குக்காக நின்ற லாரி, சூப்பர்வைசரின் 'எப்படியாவது ஓட்டு' எல்லாமும். பிளான்ட் ஹெட்டுக்கே மெயில்.

3. மற்ற பதினோரு மெஷினின் பேனலையும் திறந்து பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறதா என்று.

4. ரிப்போர்ட் மற்றவர்கள் கைக்குப் போவதற்கு முன்னால் மஞ்சுவைக் கூப்பிட வேண்டும். பிளான்ட் ஹெட்டை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை மெஷினை ஓட்ட வேண்டும். அவளைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, ஒரு நீள மரக்குச்சியைக் கர்ட்டனுக்குள் நீட்டிப் பிடிக்க வேண்டும். நிற்காது. அவள் பார்க்க வேண்டும்.

5. அவள் அழுதாலும் திட்டினாலும் அங்கேயே நிற்க வேண்டும். 'இது அண்ணனுக்குத் தெரியுமா?' என்று கேட்பாள். தெரியும், அவன்தான் போட்டான் என்று சொல்ல வேண்டும்.

6. 'உங்களுக்கு?' என்று கேட்பாள். தரையைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும்.