முதலிடம் பெற்ற மண்

அன்புள்ள உங்களுக்கு,

நம் பழைய பேட்டரி ஆலை நிலத்தைச் சுத்தப்படுத்த அரசு உதவி கிடைத்துவிடும். நீங்கள் ஆசைப்பட்டபடி கடைகள் கட்டலாம். சந்தோஷப்படுவதா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மண்ணைச் சோதித்த அதிகாரி நேற்று வந்தார். "ஈயம் ரொம்ப அதிகம்மா. அதனால உதவி உங்களுக்குத்தான் முதல்ல கிடைக்கும்," என்றார். நன்றி சொல்லி டீ கொடுத்தேன்.

"வீடு எங்கம்மா?"

"இங்கதான் சார், காவலாளி ரூம்ல."

அவர் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். வாசலில் நம் மகள் மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க இன்று அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்கிறாள்.

கடைகளின் வரைபடத்தை இப்போது அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

உங்கள் மனைவி