சந்தையில் வாங்கிய கைநாட்டு

ஆலங்காயம், 1962

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்பே செய்தி சந்தவாசலுக்கு வந்திருக்கும். ஊர் வம்பையெல்லாம் இத்தனை வருஷம் பஸ் ஏற்றி அனுப்பியவள் நான்தானே.

போரில் பெண்களைக் கெடுக்கிறவர்களுக்குத் தண்டனை கேட்டு ஒரு மனு. அதை எடுத்துக்கொண்டு எங்கள் மாதர் சங்கம் நேற்று ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனது. வழக்கம்போல் என் உடம்பை நானே கேலி செய்து பெண்களைச் சிரிக்க வைத்தேன். சிரித்தார்களே தவிர, கைநாட்டு வைக்கவில்லை.

சாமை விற்க வந்த ரஞ்சிதம் கேட்டாள்: "இன்னாக்கா கதை சொல்ற? யாருக்கு நடந்துச்சு இதெல்லாம்?"

"எனக்குத்தான். மலேயாவுல, சண்டை நடந்தப்போ."

அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருத்தியாய் நிறுத்தினார்கள். பிறகு ரஞ்சிதம்தான் முதலில் பெருவிரலை மையில் வைத்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பங்கு சோறு தின்றேன்.

உன் வீட்டுக்காரர் கேட்டால் பயப்படாதே. ரப்பர்த் தோட்டத்துக் கொட்டகைக்குள் சிப்பாய்கள் என் ஒருத்தியைத்தான் இழுத்துப் போனார்கள் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே உன் கையை நான் பிடித்துக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை.

நீயும், 'அக்கா ஒருத்தியைத்தான்' என்றே சொல்.

இப்படிக்கு,
உன் வாயாடி அக்கா