மாற்றுச் சாவி

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

நேற்று குப்பை கொட்ட வெளியே வந்தேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பூட்டுக்காரர் வந்து, "மாத்துச் சாவி யாருகிட்டம்மா இருக்கு?" என்றார்.

"அதுவும் உள்ளதாங்க."

"ரெண்டையும் ஒரே வளையத்துலயா? நல்லா படிச்சீங்க, போங்க!"

நானும் சிரித்துவைத்தேன்.

என் வேலையை நிரந்தரமாக்கச் சம்மதமா என்று இங்கே கல்லூரியில் கேட்கிறார்கள். காலையில் சரி என்று தோன்றுகிறது, மாலையில் வேண்டாம் என்று தோன்றுகிறது. என்னை நம்பி நீங்கள் அங்கே வேலையை விட்டுவிடாதீர்கள். ஆழம் தெரியாமல் இருவரும் காலை விட வேண்டாம். ஒரு மாத விடுப்பில் வந்து இருந்து பாருங்கள். அதுவரை தவணை கேட்கிறேன்.

வரும்போது என் பழைய கண்ணாடியையும் ஊசிநூல் டப்பாவையும் எடுத்து வாருங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மாற்றுச் சாவியை வளையத்திலிருந்து கழற்றிவிட்டேன். கொடுத்துவைக்கத்தான் இங்கே ஆளில்லை.

உங்கள்
நான்